சிரிப்பும் தீர்ப்பும்

தெப்ராவ் வட்டாரத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் 'தம்போய்' என்னும் ஊர்ப்பெயரை முதலில் அறிவது பள்ளிப் பாடத்தில் அன்று, வசையில்தான். முரண்டு பிடிப்பவனைத் 'தம்போய்க்கு அனுப்பு' என்பர். தனியே பேசிச் செல்பவளைக் கண்டால் 'தம்போய் கேஸ்' என்று சிரிப்பர். அங்கே 1937இல் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனைக்கு இன்று 'பெர்மாய்' என்று பெயர். எழில் என்பது அம்மலாய்ச் சொல்லின் பொருள். பேராக்கில் 1911இல் தோன்றிய தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையோ 'பஹாகியா', அதாவது இன்பம், எனப் பெயர் பெற்றது. பலகையில் பெயர் மாறிற்று. நம் நாவில் மாறவில்லை.

விளையாட்டுப் பேச்சை ஏன் பெரிதாக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். மனச்சிதைவு என்று வைத்தியர் கூறும் நோய் உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவரைப் பற்றியிருக்கிறது. பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோதான் அது தலைகாட்டும். அதற்குள் அம்மனிதன் அந்த வசையை எத்தனை முறை கேட்டிருப்பான்! எத்தனை முறை தானே பிறரை நோக்கிச் சொல்லியிருப்பான்! அமெரிக்கச் சமூகவியலார் புரூஸ் லிங்க்கும் அவர் தோழர்களும் 1989இல் எடுத்துரைத்த கருத்து இதுவே. மனநோயரைப் பற்றிய இழிவான எண்ணங்களை எல்லோரும் இளமையிலேயே கற்றுக்கொள்கிறோம். நோய் வந்த அன்று, கற்றவன் மீதே அவை திரும்புகின்றன. எட்டு வயதில் சிரித்த சிரிப்பு இருபத்திரண்டு வயதில் அவனுக்கே தீர்ப்பாகிறது.

பிறர் செய்யும் இழிவுக்கு எதிராகப் போராடலாம். தன்னைத் தானே இழிவாக எண்ணுபவன் யாரோடு போராடுவான்? வேலைக்கு மனுப் போடுமுன்பே 'எனக்கு யார் கொடுப்பார்' என்று ஒதுங்குகிறான். அண்டை வீட்டார் காண்பரென்று மருந்தை ஒளித்து வைத்து, பிறகு உண்ணாமலே விடுகிறான். சட்டப்படி அவனுக்குரிய ஓ.கே.யூ. அட்டையையும், அதில் தன் நோய் தெரியுமே என்று கூசி வேண்டாமென்கிறான். யாரும் பூட்டாத கதவின் உள்ளே அவன் அடைபட்டிருக்கிறான்.

இக்கதவைச் செய்த தச்சர்களில் நம் கலைஞர்களும் உண்டு. தோட்டத்து லயன்களிலும் பட்டணத்து அடுக்கு வீடுகளிலும் நூலை விட அதிகம் புகுந்தது சினிமா. ஆகவே அதனையே எடுத்துக்கொள்வோம். 1999இல் வந்த பாலாவின் 'சேது'வை மறந்தவர் இரார். தலையில் அடிபட்டு அறிவு கலங்கிய வீரனைக் கொண்டுபோய்ச் சங்கிலியிட்டோர் நடுவே விடுகிறார்கள். அறிவு தெளிந்து அவன் வெளியே வருகிறான். காதலி இறந்து கிடப்பதைக் காண்கிறான். மறுசொல்லின்றி அவ்விடத்திற்கே திரும்பிப் போகிறான். அவனது நோய் மனச்சிதைவு அன்று என்பதை நாம் அறிவோம். படம் சிறந்த படம் என்பதிலும் நமக்கு ஐயமில்லை. ஆயினும் குணமடைந்தவன் தானாகவே சங்கிலியை நாடிப் போவதைக் காதலின் சிகரம் என்று நாம் அழுதோமே, அவனுக்கு வெளியில் வேறோர் இடம் ஏன் இல்லை என்று எவரேனும் கேட்டோமா?

2001 ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு தனியார் இல்லம் தீப்பற்றிற்று. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயர் 28 பேர் மாண்டனர். ஓடியிருந்தால் பிழைத்திருப்பர், ஓட விடாதது சங்கிலி. அதே ஆண்டு நவம்பரில் 'ஆளவந்தான்' வெளிவந்தது. அதில் இரட்டையரில் ஒருவன் படைவீரன். மற்றவன் மனநோய் மருத்துவமனையிலிருந்து தப்பிக் கொலை புரிபவன். முன்னமே எடுத்து முடித்த படத்தின் மீது அந்நெருப்பின் பழியைச் சுமத்துவது முறையன்று. சிற்றன்னையின் கொடுமையைக் காட்டி அவன்பால் இரக்கம் பிறக்கச் செய்ததும் அப்படத்தின் சிறப்பே. கமல்ஹாசனின் நடிப்போ பெரிது. ஆனால் நடிப்புப் பெரிதாக ஆக, அச்சமும் பெரிதாகிறது. கட்டுண்டு எரிந்தவர்களின் கதை எத்தனை பேர் நினைவில் நின்றது? தப்பிக் கொல்பவனே நின்றான். நோயுற்ற இளைஞன் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கையில் நினைவிற்கு வருபவனும் அவனே.

சொல்லிலும் குற்றம் உண்டு. 1908இல் சூரிக் நகர வைத்தியர் பிளாய்லர் கிரேக்கச் சொற்களைக் கூட்டி இந்நோய்க்குப் பெயரிட்டார்; பிளவுண்ட மனம் என்பது அதன் கருத்து. நாமோ ஒரு படி மேலே சென்று 'சிதைவு' என்றோம். கோட்டை சிதையும், கரு சிதையும், சிதைந்தது மீள்வதில்லை. இந்நோயுற்றோரில் மூவரில் ஒருவரேனும் முழுதும் குணமடைய முடியும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகையில், பெயரே மீட்சியை மறுப்பது என்ன நியாயம்? ஜப்பானில் நோயாளர் குடும்பங்கள் சங்கமாகக் கூடிக் கேட்டதன் பேரில், 2002இல் மனப்பிளவு என்ற பொருள்பட்ட பழைய பெயரை விலக்கி, ஒருங்கிணைப்புக் குறைபாடு என்ற பொருளில் புதுப்பெயர் வைத்தனர். அதற்கு முன் நோயாளர்களில் 36.7 விழுக்காட்டினருக்கே வைத்தியர்கள் நோயின் பெயரைச் சொல்லி வந்தனர். 2004இல் அது 69.7 விழுக்காடாயிற்று. வைத்தியரே சொல்லக் கூசிய பெயரை நோயாளி எங்ஙனம் சுமப்பான்?

பெயர் மாற்றமே போதும் என்று நாம் கூறவில்லை. பெர்மாய்ப் பலகையே அதற்குச் சாட்சி. வசையை நாவிலிருந்து அகற்றுவது நம் ஒவ்வொருவர் கடமை. எழுத்தாளர்களிடம் நாம் வேண்டுவது இன்னும் ஒன்று. காலையில் மாத்திரை உண்டு, தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி வேலைக்குப் போய், மாலையில் வீடு திரும்பித் தாயோடு உண்ணும் ஒருவனின் கதையை எழுதுங்கள். அதில் கொலையும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம். அத்தகைய மனிதர் நம் தெருவிலேயே இருக்கிறார். தம்மைப் பற்றி ஒரு கதையேனும் உண்மையாகச் சொல்லப்பட்டதென்று அவர் அறியட்டும்.