கதைக்கோப்பும் வெள்ளிக் காலணியும்

தொடக்கப் பள்ளி மாணவர்க்குக் கதைக்கோப்பைக் கற்பிக்கப் புகும் ஆசிரியர் பலர் கரும்பலகையில் முதலில் ஒரு மலையை வரைகின்றனர். அடிவாரம் தொடக்கம், ஏற்றம் சிக்கல், முகடு உச்சம், இறக்கம் தீர்வு. செருமானிய எழுத்தாளர் குஸ்டாவ் பிரைடாக் 1863இல் வெளியிட்ட நாடக நூலின் வழிவந்த படம் இது. அவர் அதனை ஐந்தங்க நாடகத்தை விளக்கவே கையாண்டார். எட்டு வயதுச் சிறார்க்காக அன்று.

அமெரிக்கரான பிராங்க் பாம் 1900இல் வெளியிட்ட 'ஓஸ் நாட்டு அற்புத மாயாவி' என்னும் மாயக்கதையை இப்படத்தால் அளந்தால் அதன் குறை புலப்படும். சூறாவளியால் வீட்டோடு தூக்கிச் செல்லப்பட்டு மாய நாட்டில் இறங்கும் டோரத்தி என்னும் சிறுமி, கேன்சஸ் திரும்ப வழி தேடுகிறாள். நூலில் 24 அதிகாரங்கள். மேற்றிசைச் சூனியக்காரி உருகி அழிவது 12ஆம் அதிகாரத்தில். முகடு எங்கே என்று கேட்டால் மாணவர் அதனையே காட்டுவர். ஆயின் கதையின் வினா, சூனியக்காரி அழிவாளா என்பதன்று. டோரத்தி வீடு சேர்வாளா என்பதே. அதற்கு விடை கிடைக்க இன்னும் பாதி நூல் உள்ளது. பாதி நூலையும் இறக்கம் என்று ஒதுக்குவது பொருந்துமா?

மலைப்படம் நிகழ்ச்சிகளின் இடத்தைக் காட்டும், பிணைப்பைக் காட்டாது. பிணைப்பை அறிய 'எதனால்?' என்று பின்னோக்கிக் கேட்டுச் செல்ல வேண்டும். சூனியக்காரி ஏன் உருகினாள்? டோரத்தி தண்ணீரை ஊற்றியதால். ஏன் ஊற்றினாள்? தன் வெள்ளிக் காலணியில் ஒன்று பறிபோன சினத்தால். கிழவி அதனை எவ்வாறு பறித்தாள்? கண்ணுக்குப் புலனாகாத இரும்புக் கம்பியால் சிறுமியை இடறி விழச் செய்து. காலணியைக் களவாடியிருக்கலாமே? டோரத்தி இரவிலும் குளிக்கும்போதும் மட்டுமே அதனைக் கழற்றுவாள்; கிழவியோ இருளுக்கும் தண்ணீருக்கும் அஞ்சுபவள். களவைத் தடுத்த அச்சத்தின் காரணமே அவளைக் கொல்கிறது! மாயக்கதையில் எதுவும் நிகழலாம், காரணம் எதற்கு என்பார்க்கு இவ்வொரு காட்சியே போதிய விடை எனலாம்.

காலணியோ இரண்டாம் அதிகாரத்திலேயே டோரத்தியிடம் வந்துவிடுகிறது. அதில் ஏதோ மந்திரம் உண்டு என்றும் அங்கேயே சொல்லப்படுகிறது. அவள் அதனை அணிவதோ, தன் பழைய காலணி நெடும்பயணத்துக்குத் தாங்காது என்பதால்! வீடு திரும்பும் ஆற்றல் அதற்கு உண்டு என்பது 23ஆம் அதிகாரத்தில்தான் தெரிகிறது. முடிவை அறிந்தபின் மாணவரை இரண்டாம் அதிகாரத்துக்கு மீட்டும் அழைத்துச் செல்வது, பத்து மலைப்படங்களினும் பயன் தரும்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு பகுதியை நீக்கினால் முழுமை சிதைய வேண்டும் என்பது அரிஸ்டாட்டில் காட்டிய அளவுகோல். கூண்டுப் பறவை போல நாட்டில் சிக்கிய டோரத்தி, வான்கூண்டு தன்னை விட்டுப் பறந்தபின் தெற்கே கிளிண்டாவிடம் செல்கிறாள். அப்பயணத்தை 1939இல் வந்த திரைப்படம் முற்றும் நீக்கியது. கிளிண்டாவே நகருக்கு வந்துவிடுகிறாள். (காலணியும் படத்தில் சிவப்பாயிற்று, அது வேறு செய்தி.) கதை உடையவில்லை. அவ்வாறாயின் அவ்வதிகாரங்கள் எல்லாம் வெற்று அடைப்பா?

இங்கேதான் மாணவரை வாதிட விடவேண்டும். சிங்கம் பெருஞ்சிலந்தியைக் கொன்று காட்டுக்கு அரசாகும் அதிகாரத்தை நீக்கினால், முடிவில் அது திரும்பிச் செல்ல ஒரு நாடு இல்லை; பொற்குல்லாயால் கிளிண்டா பெறும் மூன்று வரங்களில் ஒன்றுக்கு வேலையும் இல்லை. பீங்கான் நாட்டு அதிகாரத்துக்கு இத்தகைய ஆதரவு கிடையாது. ஒரு பசுவின் கால் முறிகிறது. சிங்கத்தின் வால் பட்டு ஒரு தேவாலயம் நொறுங்குகிறது. அவற்றால் பின்னர் எதுவும் விளைவதில்லை. ஆயினும் அதனை நீக்க ஒப்பாத சிறுவர் வகுப்பில் இருப்பர். காரணத்தை அவர்களையே எழுதச் சொல்லலாம்.