தொண்ணூறுக்குப் பதினைந்து

லாஸ் வேகாஸில் ஒன்றுக்கு மூன்று டாலர் நோ-லிமிட் ஹோல்டம் மேசை. கடைசிப் பொதுச்சீட்டான ரிவர் விழுந்தாயிற்று. நடுவில் 90 டாலர் கிடக்கிறது. அதுவரை செக் சொல்லிவிட்டு நீங்கள் போட்டதையெல்லாம் கால் செய்துகொண்டே வந்தவர், இப்போது முந்திக்கொண்டு மூன்று சிவப்புச் சிப்புகளைத் தள்ளுகிறார். 15 டாலர். சின்னப் பணம்தான். ஆனாலும் இதற்கு என்ன பதில் சொல்வது என்பதில் போக்கர் மரபு பல பள்ளிகளாகப் பிரிந்து நிற்கிறது.

மூத்தது கணக்குப் பள்ளி. 15 போட்டால் மொத்தம் 120 ஆகிறது. எட்டில் ஒருமுறை ஜெயித்தாலே கால் கட்டுபடியாகும். எதிராளி பக்கமிருந்து பார்த்தால், அவர் வெறுங்கையோடு பிளஃப் செய்திருந்தாலும் ஏழில் ஒருமுறை நீங்கள் ஃபோல்ட் செய்தால் அவருக்கு முதலுக்கு மோசமில்லை. ஆகவே எதையாவது ஜெயிக்கக்கூடிய கையென்றால் கால். இந்தப் பள்ளியின் பெருநூல் டேவிட் ஸ்க்லான்ஸ்கியின் ‘தி தியரி ஆஃப் போக்கர்’ (1987). ரிவரில் இருவர் மட்டும் எதிரெதிரே மிஞ்சும் நிலைக்கென்றே அதில் தனி அத்தியாயம் உண்டு. ஆனால் அந்தப் பாடம் பெரும்பாலும் லிமிட் ஆட்டத்தில் விளைந்தது. அங்கே பந்தயத் தொகையை ஆட்டவிதியே தீர்மானிக்கிறது; நடுப்பணத்தோடு ஒப்பிட்டால் ரிவர் பந்தயம் பொதுவாகச் சின்னது. ஒரு பந்தயத்தை மிச்சம்பிடிக்க நினைத்து நடுப்பணம் முழுவதையும் கோட்டைவிடாதே என்ற எச்சரிக்கை அங்கே வேதவாக்கானதில் வியப்பில்லை.

நோ-லிமிட்டில் நிலைமை வேறு. 90 போட்டிருக்கலாம், 50 போட்டிருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்தது 15. ஏன்? கணக்குப் பள்ளியின் வாய்ப்பாட்டில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

கணித அறிஞர்கள் இதை முன்பே தொட்டிருக்கிறார்கள். 1944-இல் ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்னும் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அதிலுள்ள எளிய போக்கரில் பந்தயத் தொகைகள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டவை. வலுவான கை துணிந்து போடும், மிக மட்டமான கை பிளஃப் செய்யும், நடுத்தரக் கை அடங்கியிருக்கும். 1959-இல் டொனால்ட் நியூமன் தொகையை ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கும் மாதிரியை ஆராய்ந்தபோது, சுமாரான நல்ல கை சிறிதாகவும் சிறந்த கை பெரிதாகவும் போடுவதே சரி என்று வந்தது. நம்முடைய 15 டாலருக்குக் கோட்பாட்டில் இருப்பிடம் கிடைத்தது அப்போதுதான். ஒரேயொரு குறை: நியூமனின் மாதிரியில் எதிர்ப்பக்கம் கால் செய்யலாம், ஃபோல்ட் செய்யலாம், ரெய்ஸ் செய்ய வழியில்லை. நமக்கு வேண்டிய கதவை மட்டும் அடைத்து வைத்திருக்கிறது அந்த அழகான கணக்கு.

ஆளைப் படிக்கும் பள்ளியின் பாடநூல் மைக் கேரோவின் ‘புக் ஆஃப் டெல்ஸ்’ (1984). பலவீனமாக நடிப்பவன் பலமாக இருக்கிறான் என்பது அதன் மூலமந்திரம். அதன்படி, தயங்கித் தயங்கி வைக்கப்படும் சின்னப் பந்தயம் தூண்டிலாக இருக்கலாம். நடிக்கிறவர்களைப் பொறுத்தவரை இது உண்மை. ஆனால் ஒன்றுக்கு மூன்று மேசையில் நடிப்பவர்களைவிட, மனதில் இருப்பதை அப்படியே போட்டு உடைப்பவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

புதிய பள்ளி கணினியுடையது. 2015 வாக்கில் பியோசால்வர் போன்ற மென்பொருள்கள் வந்தபின், சின்ன ரிவர் பந்தயம் கௌரவமான ஆயுதமாகிவிட்டது. கணினியும் 90-க்குள் 15, 20 என்று போடும். அதில் முதல்தரக் கைகளையும் கொஞ்சம் கலந்து வைக்கும். ரெய்ஸ் செய்பவனுக்கு அந்தப் பயம் இருந்தால்தான் நடுத்தரக் கை பிழைக்கும். இந்தக் கலவைதான் அந்த முறையின் உயிர். சின்ன மேசைக்காரர் கலப்பதில்லை. அவர் பெரும்பாலும் நடுத்தரக் கையை வைத்துக்கொண்டு, நீங்கள் 60 போட்டுவிடுவீர்களோ என்று பயந்து, 15-லேயே காரியத்தை முடித்துக்கொள்ளப் பார்க்கிறார். அதனால் கணினியின் விடையை அப்படியே இங்கே கொண்டுவருபவர், இல்லாத காவலாளிக்குப் பயப்படுகிறார்.

நான் கடைப்பிடிப்பது இதிலிருந்து பிறக்கிறது. உங்கள் கையில் ஏஸும் ராஜாவும். பொதுச்சீட்டுகள் ராஜா, எட்டு, நாலு, ரெண்டு, ஏழு, ஃப்ளஷுக்கு வழியில்லை. கணக்குப் பள்ளி கால் சொல்லி நிறுத்திக்கொள்ளும். நான் 60-க்கு ரெய்ஸ் செய்யச் சொல்வேன். ராஜாவோடு பத்தோ ஜாக்கியோ வைத்திருப்பவர் முணுமுணுத்தாலும் இன்னும் 45 தருவார். அப்படி அவர் கால் செய்யும்போது பாதிக்கு மேல் நாம் ஜெயித்தால் போதும், ரெய்ஸ் லாபம். அந்த லாபத்தில் அறைக்கும் பங்கு போகாது: பல அறைகளில், நடுப்பணத்திலிருந்து அறை எடுத்துக்கொள்ளும் பிடித்தத்துக்கு உச்சவரம்பு உண்டு. ரிவருக்குள் அது எட்டிவிட்டால், பிறகு வரும் பணத்தில் அறைக்குப் பங்கில்லை. நஷ்டமாகத் தெரியாத நஷ்டம் என்றால் இந்த விட்டுப்போன 45 டாலர்தான். தோற்றால் வயிறு எரியும். குறைவாக ஜெயித்தால் யாரும் கவனிப்பதில்லை.

அதே தர்க்கத்தைத் தலைகீழாக்கி, ‘அவர் கை பலவீனம், வெறுங்கையோடு விரட்டலாம்’ என்பவர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. 105-ஐ அடைய 60 வைத்தால் நூற்றுக்கு முப்பத்தாறு முறைக்கு மேல் எதிராளி ஃபோல்ட் செய்தாக வேண்டும். ரிவர்வரை கால் செய்தே பழகியவர், ஜோடி ஒன்று கையிலிருக்கும்போது அவ்வளவு எளிதில் ஃபோல்ட் செய்யமாட்டார். பலவீனமான கை வேறு, ஃபோல்ட் செய்யும் கை வேறு.

விதிவிலக்கு ஒன்று. மாலை முழுக்க வாய் திறக்காத முதியவர், பொதுச்சீட்டுகளில் நாலாவது ஆட்டின் சீட்டு விழுந்த கணத்தில் 15 வைத்தால் அது தூண்டிலாக இருக்கலாம். ஆட்டினே இல்லாத ஜோடிக்கு ரெய்ஸ் வேண்டாம், கால்கூட யோசித்தபின்தான்.

ரெய்ஸ் என்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 15-க்கு எதிரே ஒரே ஒரு பச்சை 25 டாலர் சிப்பைப் பேசாமல் எறிந்தால் விதிப்படி அது வெறும் கால். டீலர் 10 டாலரைத் திருப்பித் தந்துவிடுவார். நீங்கள் 60 என்று அறிவித்தபின் அந்த எதிராளி மிச்சம் இருந்த அத்தனை சிப்புகளையும் நடுவே தள்ளினால், ஏஸும் ராஜாவும் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் ஃபோல்ட். இந்த மேசைகளில் ரிவரில் ரெய்ஸுக்கு மேல் ரெய்ஸ் பிளஃபாக இருப்பது அபூர்வம். போகிறது 60 டாலரோடு.