திருவண்டப் பகுதியும் இருள் ஆற்றலும்

மாணிக்கவாசகர் அருளிய திருவாசகத்துத் திருவண்டப் பகுதியில், பேரண்டம் விரிகின்றது என்னும் இக்கால வானியல் முடிபு அடங்கியுள்ளது என்பார் நம்மிடையே பலர். இவ்வழியே செல்லின், அவ்விரிவை விரைவுபடுத்தும் இருள் ஆற்றலையும் அதனுள் காணல் எளிது. இம்முறை ஏற்புடையதா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் வானியலாரின் நெறியை நோக்குவோம். 1917இல் ஐன்ஸ்டைன், அண்டம் நிலையானது எனக் கொண்டு தம் சமன்பாட்டில் ஒரு மாறிலியைச் சேர்த்தார். 1929இல் ஹபிள் வெளியிட்ட சான்று அண்டத்தின் விரிவைக் காட்டிற்று; பின்னர் ஐன்ஸ்டைன் அம்மாறிலியைக் கைவிட்டார். வெடிக்கும் விண்மீன்களை ஆராய்ந்த இரு குழுவினர் 1998இல் அவ்விரிவு விரைவுறுவதைக் கண்டனர். கைவிட்ட மாறிலி இருள் ஆற்றலின் வடிவாக மீண்டும் வந்தது.

அம்மாறிலியும் இன்று ஐயத்திற்கு உள்ளாகியுள்ளது. அமெரிக்காவில் கிட் பீக் மலைமீதுள்ள டெசி என்னும் நிறமாலைக் கருவி திரட்டிய ஏறத்தாழ ஒன்றரைக் கோடி விண்மீன் திரள்கள், குவேசார்கள் ஆகியவற்றின் சான்று 2025 மார்ச்சில் வெளிவந்தது. பிற சான்றுகளோடு சேர்த்து ஒப்பிடுங்கால், மாறாத ஆற்றல் என்னும் மாதிரியினும், காலப்போக்கில் குறையும் ஆற்றல் என்னும் மாதிரியே மிகப் பொருந்துகின்றது. ஆயினும் பொருத்தத்தின் உறுதி, சேர்க்கும் சான்றிற்கேற்ப 2.8 முதல் 4.2 சிக்மா வரையே. கண்டுபிடிப்பு எனக் கொள்ள 5 வேண்டும். ஆகலின் அவர்கள் முடிபு கூறிற்றிலர்.

இனிப் பாட்டிற்கு வருவோம். இருள் ஆற்றல் மாறாதது எனக் கொண்டு இன்று ஒருவர் உரை காண்கின்றார் என்க. நாளை அது மாறுவதென உறுதிப்படின், பிழைபட்டது உரையா, பாட்டா? 1920இல் நிலையான அண்டத்தை அப்பாட்டிற் கண்டிருப்பின், 1929க்குப் பின் உரையை மாற்றியிருத்தல் வேண்டுமன்றோ? எக்கொள்கைக்கும் இடந்தரும் உரை எதனையும் மெய்ப்பிப்பதன்று.

அடிகள் கூறக் கருதியது வேறு. அளவிறந்த அண்டங்களும், வீட்டினுள் நுழையும் கதிரிற் காணப்படும் அணுக்களைப்போலச் சிறியனவாகும்படி இறைவன் பெரியன் என்பதே அவர் கருத்து. ஆண்டு விரிதல் என்பது பரப்பையும் எண்ணிக்கையையும் குறித்ததேயன்றிக் காலந்தோறும் நிகழும் விலகலைக் குறித்ததன்று. உவமையின் உயிர் சிறுமை பெருமைகளின் எதிர்நிலையில் உள்ளது. அதனை விடுத்து ஒரு வினைச்சொல்லை மட்டும் பிரித்தெடுப்பார், பாட்டையே இழப்பர்.

வானியலாரிடம் நாம் கடன் கொள்ளத்தக்கது முடிபன்று, முறையே. எச்சான்று கிடைப்பின் தம் கொள்கை வீழும் என்பதை அவர் முன்னரே வரையறுத்துக் கொள்வர். உரை காண்பாரும் அவ்வினாவைத் தம்மிடமே எழுப்பிக் கொள்வாராக.