உப்புக்காற்றுக்கு ஒரு கேபினெட்

புதிதாக ஒரு கம்ப்யூட்டர் கேபினெட் கைக்கு வந்தால், பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே தகடு வெட்டுப்பட்ட ஓரங்களில் விரலை ஓட்டிப் பார்ப்பேன். விளக்கு, கண்ணாடி, முன்முகத்தின் வடிவம் எல்லாம் அதற்குப் பிறகுதான். வேலை தெரிந்தவர்கள் செய்த பெட்டியில் விரல் வழுக்கிக்கொண்டு போகும். ஓரம் உள்பக்கமாக ஒருமுறை மடித்து அழுத்தப்பட்டிருக்கும்; மடிப்பின் மேலும் பெயின்ட் சீராக ஏறியிருக்கும். அவசரத்தில் செய்த பெட்டியில் அதே இடம் கையைக் கிழித்துவிடும்.

ஓரத்துக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்று வண்டூரில் ஒரு மழைக்காலம் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் கேட்கமாட்டார்கள். தெற்கு அந்தமானின் மேற்குக் கரையில் இருக்கிற ஊர் இது. 1983இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்கு வாசல். ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளுக்குப் படகு புறப்படுவது இங்கிருந்துதான். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தை எட்டுவதற்கு முன்பே, மே மாதத்தில், இந்தத் தீவுகளுக்கு வந்துவிடும். கடலைத் தழுவி வரும் அந்தக் காற்று, அலையில் சிதறிய உப்புத் துளிகளோடு நேரே சன்னலுக்குள் நுழைகிறது.

பெரும்பாலான கேபினெட்டுகள் எஸ்இசிசி எனப்படும் தகட்டில் செய்யப்படுகின்றன: இரும்புத் தகட்டின் மேல் மின்முறையில் துத்தநாகம் பூசியது. பூச்சு சில மைக்ரான் கனம்தான். சிக்கல் என்னவென்றால், துத்தநாகம் ஆலையிலேயே பூசப்பட்டுவிடுகிறது. கேபினெட் தொழிற்சாலையில் தகட்டை அச்சில் வைத்து வெட்டும்போது ஒவ்வொரு ஓரத்திலும், ஒவ்வொரு துளையிலும் வெறும் இரும்பு வெளியே தெரியத் தொடங்கிவிடும். பக்கத்திலுள்ள துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு கொஞ்ச நாள் இரும்பைக் காப்பாற்றும். முதலில் வெள்ளைப் பொடி பூக்கும். துத்தநாகம் தீர்ந்ததும் சிவப்புத் துரு. கோயம்புத்தூரில் பத்து வருடம் நிற்கும் பெட்டிக்கு இங்கே அந்த ஆயுள் கிடைக்காது.

வெட்டி முடித்த பிறகு, உள்ளும் வெளியும் சேர்த்துப் பவுடர் கோட்டிங் செய்த பெட்டிதான் கரைக்கு உகந்தது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உலையில் உருகும் பவுடர், கூரான விளிம்பைவிட்டு இருபுறமும் விலகிப் போகும். பெயின்ட் மிக மெல்லியதாகப் படிவது எப்போதும் விளிம்பில்தான். ஆகவே ஓரத்தை மடிப்பது கைக்கான பாதுகாப்போடு நிற்பதில்லை. பெயின்ட் பிடித்து நிற்க ஒரு வளைவைக் கொடுக்கிறது. கண்ணில் படாத அந்த அரை மில்லிமீட்டர் வளைவுக்காக ஒருவர் கூடுதலாக ஒரு அச்சு செய்யச் சம்மதித்திருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு அந்தப் பெட்டியின் மேல் உண்மையான மதிப்பு வருகிறது.

உப்பு எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி நீர்விடுவது போலத்தான் மதர்போர்டின் மேல் படிந்த உப்பும் நீர்விடுகிறது. கடலுப்பில் மெக்னீசியம் உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். வெளியே 29 டிகிரியும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும்போது, ஓடும் கம்ப்யூட்டருக்குள் 37 டிகிரி என்று வைத்துக்கொண்டால், உள்ளே ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். உப்பு பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். அணைத்துவிட்டுப் போனால் இரவுக்குள் மறுபடி 80. காய்ந்த உப்பு உப்புநீராகிறது. இரும்பையும் செம்பையும் தின்கிறது. தினமும் இரண்டு மணி நேரம் ஓடும் மெஷின் நன்றாக இருக்க, உறை போட்டு இரண்டு மாதம் மூடிவைத்த மெஷின் கிளம்ப மறுப்பது இதனால்தான்.

இங்கேதான் விளையாடுவதற்கான கேமிங் பெட்டியும் வீட்டில் படம் பார்ப்பதற்கான சினிமா பெட்டியும் வழி பிரிகின்றன.

கேமிங்குக்குக் காற்று வேண்டும், தப்பிக்க முடியாது. ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற கிராபிக்ஸ் கார்டு தனியாகவே 450 வாட் வரை இழுக்கும். அவ்வளவும் வெப்பமாகத்தான் வெளியே வரும். அந்த 450 வாட்டை, உள்ளே நுழைந்த காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகாமல் வெளியேற்ற மணிக்குச் சுமார் 140 கன மீட்டர் காற்று வேண்டும். பன்னிரண்டுக்குப் பத்து அடி அறையில், கூரை ஒன்பது அடி என்றால், அறையின் மொத்தக் காற்றே ஏறத்தாழ 30 கன மீட்டர்தான். அதாவது ஒரு மணி நேர விளையாட்டில் அறைக்காற்று முழுவதும் நான்கு முறைக்கு மேல் அந்தப் பெட்டிக்குள் புகுந்து வருகிறது, உப்போடு. குளிர்நாட்டு விமர்சகர்கள் ஒரு கேபினெட்டைப் புகழ்வது எவ்வளவு காற்றை விடுகிறது என்ற ஒரே கணக்கில். முன்முகம் முழுவதும் வலையாக, மேலே வலையாக, அடியில் வலையாக. அந்தக் கணக்கை அப்படியே வண்டூருக்குக் கொண்டுவருவதை நான் ஏற்கமாட்டேன். இங்கே கேட்கவேண்டியது, காற்று எத்தனை வழியாக நுழைகிறது, அந்த வழிகள் என் கட்டுப்பாட்டில் இருக்கின்றனவா என்பதுதான்.

அதற்கான விடை எளியது. முன்னால் 140 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு, பின்னால் 120 ஒன்று. உள்ளே தள்ளும் காற்று வெளியே இழுக்கும் காற்றைவிட அதிகமாக இருந்தால் பெட்டிக்குள் அழுத்தம் சற்றுக் கூடும். எல்லாச் சந்துகளிலும் காற்று வெளிப்பக்கமாகவே போகும். நுழைவாயில் வடிகட்டி வைத்த முன்பக்கம் மட்டும். நைலான் வலை நுண்ணிய உப்புத்துளிகளைத் தடுக்காது. ஆனால் உப்பைப் பிடித்துவைக்கும் தூசையும் பஞ்சையும் தடுக்கும். அதுவே பெரிய காரியம். அந்த வலை ஸ்குரூ கழற்றாமல் ஒரு கையால் உருவும்படி இருக்கவேண்டும். பின்னால் பெட்டியை நகர்த்தி, குனிந்து உருவவேண்டிய வலையை யாரும் கழுவமாட்டார்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைக்க வேண்டும்; உருவவும் மாட்டவும் முப்பது நொடிக்கு மேல் ஆகாத வடிவமைப்பு உயர்ந்தது என்பேன்.

பின்பக்கம் கார்டு செருகும் இடங்களின் மூடிகளையும் பாருங்கள். மலிவான பெட்டிகளில் அவை உடைத்தெறியும் தகடுகள். ஒருமுறை உடைத்தால் அந்தச் சந்து என்றைக்கும் திறந்தே இருக்கும். தீவு வீடுகளில் பல்லிக்கும் எறும்புக்கும் அது வாசல். எறும்பு, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கூடு கட்டும். பல்லி மின்முனைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு தன்னோடு மதர்போர்டையும் கொண்டுபோகும். ஸ்குரூவில் மாட்டிக் கழற்றும் மூடி விலையில் சிறிய வித்தியாசம்தான்.

சைலன்ட் என்ற சொல்லை எல்லாப் பெட்டியின் அட்டையிலும் அச்சடிக்கிறார்கள். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் ஓசை சுமார் 15 டெசிபெல் குறையும். பெரிய ஃபேன் அதே காற்றை மெதுவாகச் சுற்றியே தள்ளிவிடும்; நல்ல கேபினெட் பெரிய ஃபேன்களுக்கு இடம் தருவதன் நியாயம் இதுவே. இளையராஜாவின் பின்னணி இசையில் வயலின்கள் அடங்கி ஒரு புல்லாங்குழல் மட்டும் மிஞ்சும் இடத்தில், டிவிக்குக் கீழே ஒரு விசிறி இரைந்துகொண்டிருந்தால் படம் பார்த்த மாதிரியே இருக்காது.

வீட்டு சினிமாவுக்கு, படுக்கைவாட்டில் கிடக்கும் கேபினெட்டுகள் எனக்குப் பிரியமானவை. தைவானின் சில்வர்ஸ்டோன் நிறுவனம் கிராண்டியா என்ற வரிசையில் செய்தவற்றைப் பாருங்கள்: ஆம்ப்ளிஃபையர் போலவே அகலம், அடக்கமான முகம், டிவி ஸ்டாண்டில் வைத்தால் அது கம்ப்யூட்டர் என்றே தெரியாது. இதே நிறுவனத்தின் எஃப்டி02 இன்னொரு துணிச்சல். மதர்போர்டை 90 டிகிரி திருப்பி, அடியில் 180 மில்லிமீட்டர் ஃபேன் மூன்று வைத்து, சூட்டை அதன் இயல்பான போக்கில் மேலே அனுப்பினார்கள். வெளிச்சட்டம் 4.5 மில்லிமீட்டர் அலுமினியம். எண்ணத்தின் தெளிவுக்காக நான் திரும்பத் திரும்ப நினைக்கும் பெட்டி அது. ஆனால் வண்டூருக்கு வாங்கச் சொல்லமாட்டேன். தரைக்காற்றை அடிவழியாக இழுப்பதும் மேலே திறந்து கிடப்பதும் இந்த மழைக்கும் மணலுக்கும் ஒவ்வாது.

அலுமினியம் என்றதும் தைவானின் லியான் லீயைச் சொல்லாமல் இருக்கமுடியாது. 1983இல் தொடங்கிய நிறுவனம். மயிரிழை போன்ற கோடுகள் ஓடும் அவர்களுடைய பழைய அலுமினியப் பெட்டிகளில் தகடுகள் சந்திக்கும் இடத்தில் இடைவெளி ஒரே அளவாக மேலிருந்து கீழ்வரை இறங்கும். டான் ஏ4 என்ற 7.2 லிட்டர் பெட்டியைச் செய்து கொடுத்ததும் அவர்களே. முழுநீள மதர்போர்டையெல்லாம் விட்டுவிட்டு, 170 மில்லிமீட்டர் சதுரமான மினி-ஐடிஎக்ஸ் போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் முதுகோடு முதுகாக நிறுத்திய அந்த அமைப்பு ஒரு காலகட்டத்தின் சிறிய கேபினெட்டுகளுக்கெல்லாம் வழிகாட்டியது. அலுமினியத்துக்கு அனோடைசிங் செய்தால் பூச்சு வெளியிலிருந்து ஒட்டுவதில்லை, உலோகத்திலிருந்தே வளர்கிறது. உப்பு அதிலும் சிறு குழிகளை இடும். ஆனால் இரும்பைப்போல அடுக்கடுக்காக உதிராது. ஸ்குரூக்களை மட்டும் ஸ்டெயின்லெஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய அலுமினியப் பரப்பில் சிறிய ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ பெரிய தொந்தரவு தராது.

சினிமாவுக்கு மட்டும் என்றால் இன்னும் ஒரு படி மேலே போகலாம்: ஃபேனே இல்லாத பெட்டி. ஸ்ட்ரீகாம் நிறுவனத்தின் டிபி4, 26 சென்டிமீட்டர் கனசதுரம். பிராசசரின் சூட்டைச் செம்புக் குழாய்கள் அலுமினியச் சுவருக்குக் கொண்டுபோகின்றன. சுவரே வெப்பத்தை அறைக்குள் விடுகிறது. 65 வாட் பிராசசர் வரை தாங்கும். சத்தம் இல்லை என்பதற்காகச் செய்தார்கள். ஆனால் கடலோரத்தில் அதைவிடப் பெரிய வரம், அது உப்புக்காற்றைத் தானாக இழுப்பதில்லை. கரையோர வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கேபினெட்டை நான் பார்த்ததில்லை.

கண்ணாடிப் பக்கம் வைத்த பெட்டிகளை நான் வெறுக்கவில்லை. துருப்பிடிக்காத ஒரே சுவர் அதுதான். ஆனால் அது வந்து சேரவேண்டுமே. சென்னையிலிருந்து கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள், பிறகு போர்ட் பிளேரிலிருந்து, இப்போதைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, வண்டூர்வரை மேடுபள்ளச் சாலை. இரும்பு மூடியில் ஒரு நசுங்கல் விழும், நிமிர்த்தலாம். டெம்பர்டு கண்ணாடி மூலையில் ஒரு தட்டு வாங்கினால் முழுவதும் பொடியாகிவிடும்.

மரத்தைப் பற்றி ஆசையாக ஒரு வார்த்தை. சுவீடனின் ஃப்ராக்டல் டிசைன் 2022இல் நார்த் என்ற கேபினெட்டை வால்நட், ஓக் மரச்சட்டங்கள் வைத்த முகத்தோடு கொண்டுவந்தது. கேமிங் கம்ப்யூட்டர் என்றாலே முறைத்துப் பார்க்கும் முகம் வேண்டும் என்ற வழக்கத்தை அது மாற்றியது. கூடத்தில் வைக்கலாம் என்று அம்மாவே சம்மதிக்கும் பெட்டி. அந்தமானில் படாக் இருக்கிறது. சிவந்த நிறம், கரையானுக்கு எளிதில் இடங்கொடுக்காத உறுதி, ஈரத்தில் அதிகம் முறுக்கிக்கொள்ளாத குணம். 1883இல் தொடங்கிய சாத்தம் மர ஆலையில் அறுத்த மரங்களில் அது முக்கியமானது. சட்டப்படி வாங்கிய படாக் துண்டுகளை வைத்து ஒரு கேபினெட்டுக்கு முகம் செய்யக்கூடிய தச்சர்கள் இந்தத் தீவில் தாராளமாக உண்டு. யாராவது செய்தால் நான் போய்ப் பார்ப்பேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் திறக்கப்படும்வரை, தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. படங்கள் ஹார்டு டிஸ்க்கிலும் பென்டிரைவிலும் கைமாறின. அதனால் ஹார்டு டிஸ்க் மாட்ட நாலைந்து அறை உள்ள பெரிய கேபினெட்டைத் தேடினோம். இன்று அந்த அறைகள் தேவையில்லை; காலியான கூண்டு முன்காற்றை மறிக்கத்தான் செய்யும். கழற்றும்படி இருந்தால் கழற்றிவிடுங்கள்.

பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இழுக்கிறதா? அது பெட்டியின் குறை இல்லை. வீட்டில் எர்த் சரியில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி வழியாகக் கசியும் மின்சாரம் தகட்டில் வந்து நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஸ்ரீ விஜயபுரத்தின் அபர்டீன் பஜாரில் வாங்கினாலும், மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சென்னையின் ஜெப்ரானிக்ஸிலிருந்து வெளிநாட்டு நிறுவனங்கள்வரை எல்லா விலையிலும் நல்லதும் உண்டு, மெலிந்ததும் உண்டு. உள்தகடு சாம்பல் நிறத்தில் வெறுமையாக இருந்தால் வேண்டாம். கையில் தூக்கிப் பாருங்கள். 0.5 மில்லிமீட்டர் தகடு முறுக்கினால் நெளியும், 0.8 நெளியாது. என் தேர்வு: கேமிங்குக்கு உள்ளும் வெளியும் பெயின்ட் செய்த, இரும்பு மூடி வைத்த, மைக்ரோ-ஏடிஎக்ஸ் அளவு பெட்டி; படம் பார்க்க ஃபேன் இல்லாத அலுமினியப் பெட்டி. ஒன்றைத்தான் வாங்கமுடியும் என்றால் முதலாவதை வாங்குங்கள், மழைக்காலம் முழுவதும் தினமும் கொஞ்ச நேரமாவது ஓடவிடுங்கள்.