சர்வே எண் இல்லாதவர்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் 'பிராமிஸ்டு லேண்ட்' படத்தைப் போட்டார்கள். எரிவாயுக் கிணறுகளுக்கு எதிரான கூட்டம். பேச்சுக்கு முன்னால் ஒரு படம் என்று ஏற்பாடு. கஸ் வான் சாண்ட் இயக்கி 2012இல் வந்த அமெரிக்கப் படம். முடிந்ததும் பலத்த கைதட்டல். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். அவர் கைதட்டவில்லை. "அவ்வளவு பேருகிட்ட கையெழுத்துக் கேக்குறான். கூலிக்காரன் ஊட்டுக் கதவ மட்டும் தட்டவே இல்லியே தம்பி" என்றார். அவர் சொன்னதற்கு மேலே நான் எழுதப்போவது கொஞ்சம்தான்.

கதை எளிமையானது. ஸ்டீவ் பட்லர் (மாட் டேமன்) வாயு கம்பெனியின் ஆள். நொடித்துப்போன ஒரு பென்சில்வேனியா ஊரில் வீடு வீடாகப் போய் நிலக் குத்தகைக்குக் கையெழுத்து வாங்குகிறான். அவனும் ஆலை மூடிச் செத்துப்போன ஒரு விவசாய ஊரில் பிறந்தவன், அதனால் அந்த ஜனங்களின் பாஷை அவனுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தும் பெரியவர் ஒருவர் எழுந்து, நிலத்தடிப் பாறையை உடைத்து வாயு எடுப்பதன் ஆபத்தைக் கேட்கிறார். ஊர் ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்றாகிறது. நடுவில் எதிர்ப்புக்காரனாக ஒருவன் வந்து சேர்கிறான். அவனையும் அனுப்பியது கம்பெனிதான் என்பது கடைசியில் தெரிகிறது. எதிர்ப்பையும் தானே தயாரித்து, பிறகு தானே அதைப் பொய்யென்று காட்டும் அந்த வித்தையைப் படம் நன்றாகவே பிடித்திருக்கிறது. இயக்கங்களில் இருப்பவர்கள் அந்த ஒரு இடத்துக்காகவாவது பார்க்கலாம்.

ஆனால் படம் முழுக்க மேஜைமேல் கிடக்கும் அந்தப் பத்திரத்தை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. ஸ்டீவின் மனசாட்சி விழிக்கிறதா என்பதுதான் கதையின் கவலை. பத்திரத்தை வாசித்திருந்தால் வேறு படம் கிடைத்திருக்கும்.

அமெரிக்காவில் நிலத்தடி வளம் தனியார் சொத்தாக இருக்க முடியும். மேல்மண் ஒருத்தனுக்கு, அடிமண் இன்னொருத்தனுக்கு என்று பிரித்து விற்கலாம். நூறு வருஷத்துக்கு முன்னால் எவரோ எழுதிய கிரயப் பத்திரத்தில் ஒரு வார்த்தை கிடந்தால் போதும், இன்றைக்கு உழுகிறவனுக்குக் கீழே இருப்பது அவனுடையது இல்லை. சஸ்கெஹானா கவுண்டியில் 1881ஆம் வருஷத்துப் பத்திரம் ஒன்றில் 'கனிமங்கள்' என்று எழுதியிருந்தது. அதில் பாறைக்குள் இருக்கும் வாயுவும் அடக்கமா என்று பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், அடக்கமில்லை என்று 2013இல்தான் தீர்ந்தது.

பங்குத்தொகையும் அப்படித்தான். எட்டில் ஒரு பங்காவது உடைமையாளருக்குத் தர வேண்டும் என்று 1979இலேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. எதில் எட்டில் ஒன்று? வாயுவைக் கொண்டுபோகும் செலவு, பதப்படுத்தும் செலவு எல்லாவற்றையும் கழித்துவிட்டுக் கணக்குப் போடலாம் என்று அதே நீதிமன்றம் 2010இல் சொல்லிவிட்டது. அறுத்த நெல்லில் களத்து மேட்டிலேயே கழிவு பிடித்துக்கொண்டு மிச்சத்தை அளந்து போடும் ஆண்டை நமக்குப் புதுசா என்ன? குத்தகைக் காலம் அஞ்சு வருஷம் என்று போட்டிருக்கும். கிணற்றில் வாயு வந்துகொண்டிருக்கும்வரை அது தானாக நீளும்.

ஊர் ஓட்டுப் போடுகிறது என்கிறார்களே, அதுதான் படத்தின் பெரிய கனவு. வாங்கிவிட்ட கையெழுத்தை ஊர் ஓட்டு அழிக்குமா என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. படம் வந்த அதே 2012இல், எங்கே துளையிடலாம் எங்கே கூடாது என்று சொல்லும் உள்ளாட்சிகளின் அதிகாரத்தைப் பிடுங்கப் பென்சில்வேனியா சட்டம் போட்டது. வழக்காடித்தான் அதன் முக்கியப் பகுதிகளை 2013 டிசம்பரில் செல்லாததாக்க முடிந்தது.

இதெல்லாம் நிலம் வைத்திருப்பவன் பாடு. அந்த அம்மா கேட்டது வேற.

அதே 2012, அதே பென்சில்வேனியா. ஜெர்சி ஷோர் என்ற ஊரருகே, சஸ்கெஹானா ஆற்றங்கரையில் ரிவர்டேல் என்று ஒரு டிரெய்லர் வீட்டுக் குடியிருப்பு இருந்தது. சுமார் 30 குடும்பங்கள். வீடு அவர்களுடையது, மனை வாடகை. பாறையை உடைக்கத் தண்ணீர் வேண்டும், ஆற்றிலிருந்து அதை இறைக்க அந்த இடம் வேண்டும் என்று ஒரு தண்ணீர் கம்பெனி மனையை வாங்கி, காலி பண்ணச் சொல்லிவிட்டது. ஜூனில் மிச்சமிருந்தவர்கள் ஆதரவாளர்களோடு வழியை மறித்து உட்கார்ந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் அப்புறப்படுத்திவிட்டார்கள். அவர்களிடம் யாரும் குத்தகை கேட்கவில்லை. கேட்க அவர்களிடம் என்ன இருந்தது? ஸ்டீவ் பட்லர் தட்டத் தேவையில்லாத கதவுகள். கேமராவும் அந்தப் பக்கம் போகவில்லை.

நம் பக்கம் சட்டம் வேறு மாதிரி. 1948ஆம் வருஷத்து எண்ணெய் வயல் சட்டத்தின்படி தரையில் எண்ணெய், வாயு எடுக்கக் குத்தகை கொடுப்பது அரசாங்கம். பட்டாதாரர் வாயுவுக்குப் பேரம் பேச முடியாது. அவர் கைக்கு வருவது மேல்மண் வாடகையும் பயிர் நஷ்டமும். குழாய் பதிக்க 1962ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. நிலம் உன் பேரில்தான், உபயோகிக்கும் உரிமை மட்டும் எனக்கு என்று அது எடுத்துக்கொள்ளும். மதிப்பில் நூற்றுக்குப் பத்து ஈடு. 2017இல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து ஜனங்கள் மறித்ததும், நெடுவாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்ததும் நியாயமான கோபம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த வாடகைக் கணக்கில் நடவாள் கூலி எந்த வரியில் வருகிறது? வாய்வார்த்தையாகக் குத்தகை எடுத்து உழுகிறவன் பேர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? நிலத்தைக் கையகப்படுத்தினால், அதை நம்பிப் பிழைக்கும் விவசாயக் கூலியையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக 2013ஆம் வருஷத்துச் சட்டம் கணக்கில் எடுக்கிறது. பட்டாதாரரோடு குத்தகைப் பத்திரம் முடித்துக்கொண்டால் அந்தப் பேச்சே எழாது. பண்ணையார் மனையில் குடிசை போட்டிருந்த நம் ஜனங்களுக்கு அந்தக் குடியிருப்பு மனை சொந்தம் என்று எழுதவே 1971 வரை ஆனது. அதுவும் மனை மட்டும். வயல் இல்லை.

மேடையில் அன்றைக்கு "விவசாயி" என்ற வார்த்தை எத்தனை தரம் வந்ததென்று எண்ணவில்லை. அது யாரைக் குறித்தது என்று மட்டும் கவனித்தேன்.

கூட்டம் முடிந்து மனுவில் கையெழுத்து வாங்கினார்கள். தாளில் கட்டம் போட்டிருந்தது: பெயர், ஊர், சர்வே எண், ஒப்பம். அந்த அம்மா மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்து, "இங்க என்ன எழுதணும் தம்பி?" என்றார். தாளை நீட்டிக்கொண்டிருந்த பையன் நல்ல பையன்தான். "அத விட்டுடுங்கம்மா" என்றான்.