யார் முதுகுக்கு இந்தப் பை?

ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டால் பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் ஒரு நிம்மதி வந்துவிடும். மசக்கை அடங்கியிருக்கும். சோறு இறங்கத் தொடங்கியிருக்கும். ஸ்கேன் பார்த்தவர்கள் குழந்தை நன்றாக இருப்பதாகச் சொல்லியிருப்பார்கள். தாய்வீட்டார் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருவதும், வளையல் அடுக்குவதும் இந்த நிம்மதியின் மேல்தான் நடக்கின்றன. புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூர், கீரனூர் பக்கம் போன் இல்லாத வீடு இப்போது குறைவு. அதனால் இன்னொரு சடங்கும் சேர்ந்துகொண்டது. பிறக்கப்போகும் குழந்தைக்கு என்னென்ன வாங்கலாம் என்று இரவில் போனைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது. தொட்டில், கொசுவலை, அதற்கடுத்து பேபி கேரியர். குழந்தையை மார்போடு மாட்டிக்கொள்ளும் அந்தப் பையைச் சிலர் கங்காரு பை என்பார்கள்.

அது நல்ல செலவா, வீண் செலவா என்பதைப் பையை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதைச் சுமக்கப்போகிற முதுகு ஐந்தாம் மாதத்திலேயே என்ன பாடு படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வயிறு முன்னால் தள்ளத் தள்ள, விழாமல் நிற்பதற்காக இடுப்புக்கு மேலே முதுகு பின்னோக்கி வளைகிறது. இடுப்பெலும்பு மூட்டுகளைப் பிடித்துவைத்திருக்கும் தசைநார்கள் பிரசவத்துக்கு வழிவிடுவதற்காக மெல்லத் தளர்கின்றன. உட்கார்ந்து எழுந்தால் அடிவயிற்று ஓரத்தில் சுருக்கென்று இழுக்கும். நடு இரவில் கெண்டைக்கால் கல்லாக இறுகும். படுத்தால் நெஞ்செரிச்சல், பொழுது சாய்ந்தால் கால் வீக்கம். இதற்கெல்லாம் ஊர் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: "புள்ளத்தாச்சின்னா அப்படித்தான் இருக்கும்." பாதிக்கு அது சரி. மீதிப் பாதியில்தான் ஆபத்து. முகமும் கையும் திடீரென்று வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்கல், ரத்தக்கசிவு, ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம், இவை எதுவும் 'அப்படித்தான்' கணக்கில் சேராது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை.

அரசாங்கம் இந்த மாதங்களைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒரு சத்து மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. கூடவே நாளுக்கு இரண்டு கால்சியம் மாத்திரை. குறை வீட்டுக்குள் நுழைந்த பிறகு தொடங்குகிறது. மாத்திரைத் தொல்லையை ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்குகிறார்கள். கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரையோடு குடிக்கும் டீயும் அதே வேலையைச் செய்யும். போதாக்குறைக்கு மலச்சிக்கலும் வரும், மலம் கருப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. கருப்பாகப் போவது இரும்பின் நிறம் என்று நர்ஸம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மூச்சிரைப்பையும் களைப்பையும் வயிற்றுப் பாரத்தின் மேல் போட்டுவிடும் பழக்கத்துக்கு இந்த எண் சரியான பதில்.

முதுகுக்கு மாத்திரை கிடையாது. நடையும் எளிய உடற்பயிற்சியும் இடுப்பு வலியை ஓரளவு குறைக்கலாம் என்று ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன, அதுவும் தயங்கித் தயங்கித்தான். ஏழாம் மாதத்திலிருந்து மல்லாந்து தூங்கப்போகாமல் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை வைத்தால் இடுப்பும் கொஞ்சம் இளைப்பாறும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவர் பெயரில் நடக்கும் மகப்பேறு உதவித் திட்டத்தின் தொகை 2018-இல் 18,000 ரூபாய் ஆனது. அதில் 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்க்கு 2015 முதல் கொடுக்கப்பட்ட பரிசுப் பெட்டகத்தில் துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, எண்ணெய், நகவெட்டி, கிலுகிலுப்பை என்று குழந்தைக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. தாய்க்கு சௌபாக்கிய சுண்டி லேகியமும் உண்டு. ரத்தம், எடை, தோல் எல்லாவற்றையும் யோசித்த கை, குழந்தையை எப்படித் தூக்கிக்கொண்டு நடப்பது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் கடைக்காரர் நுழைகிறார்.

இரண்டாவது பிள்ளையைச் சுமக்கிற பெண்ணிடம் இந்த இடைவெளி வெயிலில் நிற்கிற மாதிரித் தெரியும். வயிற்றில் ஐந்து மாதம், இடுப்பில் ஒன்றரை வயது. ரேஷன் கடை வரிசையிலும் ஆரம்ப சுகாதார நிலைய வராந்தாவிலும் இந்தக் கோலத்தை யாரும் பார்க்கலாம். மூத்தது பத்து கிலோ இருக்கும். அதை இடது இடுப்பில் வைத்து இடது கையால் அணைத்தால், இடுப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், முதுகு மறுபக்கம் சாயும். தளர்ந்துபோன மூட்டின் மேல் இப்படி ஒருச்சாய்த்து ஏற்றும் பாரம் ராத்திரி வலியாகத் திரும்பி வருகிறது. கெண்டைக்கால் பிடிப்புக்கு எண்ணெய் தேய்த்துவிடும் மாமியார், மறுநாள் காலை மூத்ததைத் தூக்கி அதே இடுப்பில் வைப்பார். அவரைக் குறை சொல்வதற்கும் இல்லை, அவர் கையில் அடுப்பு வேலை இருக்கிறது.

வெறும் கையால் தூக்குவது எவ்வளவு விலை கேட்கிறது என்று ஆய்வாளர் காரா வால்-ஷெஃப்லரும் அவரது குழுவினரும் 2007-இல் அளந்தார்கள். துணித்தூக்கியில் சுமப்பதைவிட வெறும் கையில் சுமந்து நடக்கச் சராசரியாக 16 சதவீதம் கூடுதல் ஆற்றல் செலவாகிறது. ரத்தசோகை உள்ள உடம்புக்கு இது சின்னக் கணக்கில்லை.

நம்மூரில் துணிக்குப் பஞ்சமில்லையே, ஏன் கட்டிக்கொள்ளவில்லை? பழைய புடவையில் தூளி கட்டாத வீடு கிடையாது. நடவுக்கோ களையெடுப்புக்கோ போகிறவர்கள் வரப்போர வேப்பமரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுக் குனிவார்கள். ஆனால் அந்தத் தூளியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது குறி சொல்ல வரும் குறத்தியின் கோலம், ஊசிமணி விற்கும் நரிக்குறவர் பெண்ணின் கோலம் என்று ஒதுக்கி வைத்தாயிற்று. நிலைத்த குடிகளின் மரியாதை, பிள்ளை இடுப்பில் இருக்க வேண்டும் என்றது. சாதியின் கண் இதில் வேலை செய்திருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதே கட்டு, பக்கிளும் பஞ்சு மெத்தையும் வைத்து ஐயாயிரம் ரூபாய்க்கு வரும்போது நாகரிகமாகிவிடுகிறது. அமெரிக்க செவிலியர் ஆன் மூர் ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டுத் தாய்மார்கள் முதுகில் பிள்ளை கட்டுவதைப் பார்த்துவிட்டு வந்துதான் 'ஸ்னக்லி' என்ற பையைத் தைக்கவைத்தார். அதற்கு 1969-இல் காப்புரிமை கிடைத்தது. இன்றைய பைகளுக்கெல்லாம் அது ஒரு மூதாதை.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். பை மாட்டினால் இரண்டு கையும் விடுபடும். பாரம் இரண்டு தோளுக்கும் இடுப்புக்குமாகச் சமமாகப் பிரியும். 1986-இல் மான்ட்ரியலில் ஹன்சிகரும் பாரும் நடத்திய ஆய்வில், வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தூக்கிவைக்கப்பட்ட குழந்தைகள் ஆறாவது வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதன. பை விற்கிறவர்கள் இந்த எண்ணை விடாமல் சொல்வார்கள். ஆனால் பார் குழுவே 1991-இல், ஏற்கெனவே ஓயாமல் அழும் குழந்தைகளிடம் இதைச் சோதித்தபோது அழுகை குறையவில்லை. அதைச் சொல்வதற்கு ஆளில்லை. வயிற்று வலியால் கத்தும் பிள்ளைக்கு மருந்தென்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

குறைகள் பெரும்பாலும் பையில் இல்லை, பொருத்தத்தில் இருக்கின்றன. வெளிநாட்டு அளவுக்குத் தைத்த பல பைகளில் குறைந்தது 3.2 அல்லது 3.5 கிலோ எடை வேண்டும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். இந்தியக் குழந்தையின் சராசரிப் பிறப்பு எடை சுமார் 2.8 கிலோ. பிறந்த நாள் முதல் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தாலும், நம் குழந்தை அதற்குள் சரியாக உட்கார முதல் சில வாரங்கள் போக வேண்டும். எடை குறைந்த குழந்தை உள்ளே குறுகிச் சரியும், தாடை நெஞ்சில் முட்டும், மூச்சுக்குழல் மடங்கும். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் எச்சரித்தது இதைத்தான். இருபது ஆண்டுகளில் தூக்குத்துணிகளோடு தொடர்புள்ள 14 மரணங்களை அது பதிவு செய்திருந்தது. அந்த மாதமே ஒரு நிறுவனம் பத்து லட்சம் தூக்குத்துணிகளைத் திரும்பப் பெற்றது. நம் தூளியும் இதில் தப்பாது. அதன் குழிவில் பச்சிளம் குழந்தையின் கழுத்து மடங்கலாம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகிய சாவுகளும் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

எடை குறைந்த குழந்தைக்குக் கங்காரு முறை நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொல்வது வேறு சங்கதி. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய அந்த முறையில் குழந்தையைத் துணியில்லாமல் தாயின் நெஞ்சுத் தோலோடு சேர்த்து வைப்பார்கள், செவிலியர் கவனிப்பில். அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டிருப்பதாலேயே கடைப் பை அதற்கு ஈடாகாது.

அடுத்தது இடுப்பு மூட்டு. ஜப்பானில் குழந்தையின் காலை நீட்டி இறுக்கிச் சுற்றும் வழக்கத்துக்கு எதிராக 1975-இல் பிரசாரம் தொடங்கிய பிறகு, இடுப்பு மூட்டு விலகும் கோளாறு பல மடங்கு குறைந்தது. கால்கள் விரிந்து, தொடை முழுவதும் துணியில் அமர்ந்து, முட்டி பிட்டத்தைவிட உயர்ந்திருப்பதுதான் நல்ல இருப்பு. இந்தக் கணக்கில் நம் இடுப்புத் தூக்கு தேர்ச்சி பெற்றுவிடுகிறது, குழந்தை காலைப் பரப்பித்தானே உட்காருகிறது! கவட்டையில் ஒரு குறுகிய பட்டை மட்டும் தாங்க, கால் இரண்டும் தொங்கும் மலிவுப் பைகள்தான் தோற்கின்றன. குழந்தையை வெளியே பார்த்தபடி மாட்டுவது படத்துக்கு அழகு. கழுத்து நிற்காத பிள்ளைக்கு அது ஆகாது.

தாயின் கணக்கை விளம்பரம் தொடுவதேயில்லை. தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்கிறது அதே குடும்பநல ஆய்வு. பல பைகளின் அகலமான இடுப்புப் பட்டை போய் உட்காரும் இடம் ஆறாத தையலுக்குப் பக்கம். ஐந்தாம் மாதத்தில் ஆசையாக வாங்கி வைத்த பை, பிரசவத்துக்குப் பின் பல வாரம் பரணில் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு வெயில். சித்திரையில் புதுக்கோட்டை மண்ணில் பாலியெஸ்டர் மெத்தை வைத்த பைக்குள் இரண்டு உடம்பின் சூடு சேர்ந்தால் வேர்க்குருதான் முதலில் வரும். மெல்லிய பருத்தித் துணி இங்கே ஆடம்பரமல்ல, தேவை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு சாலையில் நடக்கிறது. இந்த மாவட்டத்துப் பெண்களுக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவு பழையது. 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி அது உலகத்துக்கே தெரிந்தது. இன்று அந்த இடத்தில் ஸ்கூட்டர். தடுப்பூசிக்குப் போனாலும் தாய்வீட்டுக்குப் போனாலும், ஓட்டுபவர் நெஞ்சில் பை, பைக்குள் பிள்ளை. கை விடுபட்டதால் பாதுகாப்பு வந்துவிட்டதாக ஒரு நினைப்பு. திடீர் பிரேக்கில் ஓட்டுபவரின் முழு எடையும் குழந்தையை வண்டியின் ஹேண்டில் மேல் அழுத்தும் என்பது யோசித்தால் புரியும். 2022 பிப்ரவரியில் மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தம் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் பாதுகாப்புப் பட்டையும், ஒன்பது மாதத்திலிருந்து தலைக்கவசமும், நாற்பது கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும் கேட்கிறது. கேரியர் அந்தப் பட்டை ஆகாது. அது நடக்கிறவருக்குத் தைத்த பொருள். பச்சிளம் குழந்தைக்குப் பஸ்ஸோ ஆட்டோவோதான் மேல்.

ஆக, கேரியர் குழந்தையின் கழுத்து நின்ற நாலாவது மாதத்திலிருந்து, கால்நடையாகப் போகிறவர்களுக்கு நல்ல துணை. அதற்கு முன்னால் மருத்துவரைக் கேட்டு, எடை பார்த்து, முகம் மறையாமல், முத்தமிடும் உயரத்தில் கட்டிக்கொள்ளலாம். ஐந்தாம் மாதத்தில் வாங்கத் தேவையில்லை. மாட்டிப் பார்ப்பதானால் மாட்டிப் பார்க்க வேண்டிய ஆள் கணவர். மூன்று கிலோ அரிசியை உள்ளே வைத்துத் தெருமுனை வரை நடந்தால் எந்தப் பட்டை எங்கே அறுக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பட்டையை ஆணின் தோளுக்கும் பெண்ணின் தோளுக்கும் கூட்டிக் குறைக்க முடியாத பை, வாங்கும்போதே சுமையை ஒருத்தி தலையில் எழுதிவிடுகிறது. இரண்டாவது கர்ப்பத்தில் இருப்பவர் மூத்த பிள்ளையைக் கட்டுவதானால் வயிற்றை அழுத்தும் இடுப்புப் பட்டை கூடாது. முதுகில் உயரக் கட்டலாம், அதுவும் கொஞ்ச நேரம். அதைவிட, நடக்கத் தெரிந்த பிள்ளையை நடக்க விடலாம், அல்லது வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளை தூக்கலாம்.

அரசின் பெட்டகத்தில் நாலைந்து கெஜம் நல்ல கைத்தறித் துணி ஒன்றையும், அதைக் கட்டும் விதத்தைக் கிராம செவிலியர் ஒருமுறை செய்துகாட்டுவதையும் சேர்த்தால் செலவு பெரிதாக ஆகாது. சமுதாய வளைகாப்பு நடக்கும் அங்கன்வாடியிலேயே, வளையலும் கலவைச் சாதமும் கொடுத்து முடித்த கையோடு அதைச் செய்துகாட்டலாம். அன்றைக்கு வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு நிற்கும் கணவர்களையும் உள்ளே கூப்பிட வேண்டியிருக்கும்.