பாலம் வந்தால் நற்பெயர் என்னவாகும்?

ஒரு ரயில்வே கேட்டை ஒட்டி டீக்கடை. பாய்லர், பெஞ்சு, பாத்திரம் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் பெறும். கைமாறும்போது மூன்று லட்சம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் இரண்டு லட்சம், கேட் மூடும்போதெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வருகிறவர்களுக்கான விலை. கடைத்தெருவில் இது 'குட்வில்'. கணக்குப் பதிவியல் பாடநூலில் நற்பெயர். கேட்டுக்கு மேல் பாலம் வந்து வண்டிகள் அதில் போய்விட்டால் அந்தப் பணம் போனதுதான். அன்று மாலையே கல்லா அதைச் சொல்லிவிடும்.

வங்கியில் அதைச் சொல்வது கல்லா அல்ல, நிர்வாகம். 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 27 அன்று டி.பி.எஸ். வங்கி இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. பங்குதாரர்களுக்கு ஒரு பைசாவும் மிஞ்சவில்லை. ஆனால் சிங்கப்பூர்த் தாய் நிறுவனத்தின் ஏட்டில் சுமார் 15 கோடி சிங்கப்பூர் டாலர் நற்பெயராக ஏறியது. ஏற்ற கடன் சொத்தை விஞ்சிய பள்ளம் அது. 563 கிளைகளின் வாடிக்கையாளர்கள் அதை நிரப்புவார்கள் என்பது நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்கிறது சர்வதேசக் கணக்கியல் தரம். சோதனை எவ்வளவு நெகிழ்வானது என்று பாருங்கள். ஒரு பிரிவின் ஏட்டு மதிப்பு 140 கோடி, அடுத்த ஆண்டு வரவு 10 கோடி, தள்ளுபடி வீதம் 12 சதவீதம். வீதத்தில் வளர்ச்சியைக் கழித்து, மிஞ்சுவதால் வரவை வகுத்தால் மதிப்பு. நீண்டகால வளர்ச்சி 4 சதவீதம் என்றால் மதிப்பு 125 கோடி. 15 கோடியை நட்டமாக எழுத வேண்டும். 5 சதவீதம் என்றால் 143 கோடி, நட்டமே இல்லை. இரண்டையும் நேர்மையாகவே வாதாடலாம்.

டி.பி.எஸ். 2001-இல் ஹாங்காங்கின் டாவ் ஹெங் வங்கியை வாங்கியது. அதன் நற்பெயரில் 2005-இல் சுமார் 113 கோடி, 2010 இரண்டாம் காலாண்டில் சுமார் 102 கோடி சிங்கப்பூர் டாலர் குறைக்கப்பட்டது. இரண்டாவது குறைப்பு, பியூஷ் குப்தா தலைமை ஏற்ற சில மாதங்களில் வந்தது. நான் உள்நோக்கம் கற்பிக்கவில்லை. ஆனால் புதிதாக வருகிறவர் பழைய சுமையை இறக்குவது எளிது; வாங்கியவரே தன் விலை தவறு என்று ஒப்புவது கடினம். நிர்வாகத்துக்கு விடப்பட்ட இந்த விருப்புரிமையின் பெரிய குறை இதுதான்.

அதற்காக அதைப் பிடுங்கிவிடலாமா? நம் வங்கிகள் பின்பற்றும் பழைய தரம், நற்பெயரைப் பொதுவாக ஐந்தாண்டுக்குள் தவணையாகக் கழிக்கச் சொல்கிறது. 2018 டிசம்பரில் கேபிடல் ஃபர்ஸ்டுடன் இணைந்த ஐ.டி.எஃப்.சி. வங்கியோ நற்பெயர் உள்ளிட்ட சுமார் 2,599 கோடி ரூபாயை அந்தக் காலாண்டிலேயே கழித்தது. ஏடு சுத்தமாகிவிடும், சரி. கொடுத்த விலை தகுமா என்ற கேள்வியும் ஏட்டைவிட்டுப் போய்விடும். வாடிக்கையாளர் நிற்கிறாரா, போய்விட்டாரா என்பது கிளையை நடத்துகிறவருக்கே தெரியும். அவர் மதிப்பீடு வேண்டும். அதோடு, சென்ற ஆண்டுகளில் அவர் போட்ட கணிப்பும் உண்மையில் வந்த வரவும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாக வேண்டும்.

2024 மார்ச்சில் சர்வதேசக் கணக்கியல் தர வாரியம் வெளியிட்ட வரைவு இந்தப் பக்கம் நகர்கிறது. ஆனால் எட்டிய இலக்கைச் சொல்லும் கடமையைப் பெரிய, முக்கியக் கொள்முதல்களோடு நிறுத்துகிறது. டி.பி.எஸ். குழுமத்தின் அளவுக்குக் கரூர் வங்கி மிகச் சிறியது. அங்கே பங்கை இழந்தவர்கள் அறிய விரும்பும் கணக்கு, அந்த வலையில் சிக்காமல் நழுவிவிடும்.